அக்காவுக்கு வெட்டாத இதயம் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கையில் யாரும் இறைச்சிக் கடைக்குப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, அறுத்து, பங்கு போடுவோம். விசுவமடுவில் எங்கள் பக்கத்துக்கு அந்த வேலையைச் செய்பவர் ஒரு மாமா. சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. அவருடைய வளவு வேப்பமரத்தில் ஆடு தொங்கும். கீழே தறப்பாள் விரித்து, அதன்மேல் வாழையிலைத் துண்டுகளைப் பரப்பியிருப்பார். ஒவ்வொரு இலைக்கும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு, இதயத்தில் ஒரு துண்டு. ஆட்டின் இதயத்தை அத்தனை வீட்டுக்கும் பிரித்தால் நகத்தளவுதான் வரும். சட்டியில் போட்ட பிறகு அதைத் தேடிப் பிடிக்கவே ஏலாது. ஆனாலும் இலையில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்கு பிழை என்று ஒரு கிழமைக்குக் கதை ஓடும்.

அப்படிப்பட்ட சனத்திடம் போய், இதயத்தை வெட்டாமல் முழுதாகத் தாருங்கள் என்று கேட்டவன் நான். எனக்கில்லை, என் அக்காவுக்கு.

அக்கா கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு என்று அளந்து வைத்த படிப்பு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு ஓ.எல். கணக்குப் பாடத்துக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவளுடைய கம்பஸ் எங்களிடமிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம். மாதத்தில் ஒருக்கால் வருவாள். வந்தால் குளிப்பாள், சாப்பிடுவாள், சாப்பிட்ட கையோடு கதிரையிலேயே நித்திரையாகிவிடுவாள். அம்மா கோப்பையை மெதுவாக அவள் கையிலிருந்து எடுப்பார்.

தன் வேலையை ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்தபடி எனக்கு விளங்கப்படுத்தினாள். ஆட்டின் இதயத்தை ஒரு குழாயில் கட்டித் தொங்கவிட்டு, சவர்க்காரம் மாதிரி ஒரு திரவத்தை நாள்கணக்கில் அதற்குள் ஓடவிடுவார்களாம். ஆட்டின் செல்கள் எல்லாம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று ஒரு கூடு. உருவம் இதயம்தான், உள்ளே ஒருவரும் இல்லை. அந்தக் கூட்டைத் துண்டு துண்டாகச் சீவி, வெளிநாட்டிலிருந்து உறையவைத்து வருகிற மனித இதயச் செல்களை அதில் விட வேண்டும். அவை பிடித்துக்கொண்டால் கொஞ்ச நாளில் அந்தத் துண்டு தானாகத் துடிக்கும். புதிதாக வருகிற மருந்துகள் இதயத்தைக் கெடுக்குமா என்று, மனிதருக்குக் கொடுக்க முதல், அதில் போட்டுப் பார்க்கலாம்.

"அப்ப இருந்த சனத்தை எழுப்பிப்போட்டு, வெறும் வீட்டில புதுச் சனத்தைக் கொண்டந்து இருத்திறியள்," என்றேன். "மீள்குடியேற்றம். இதுக்கு ஏனக்கா கம்பஸ்? எங்கட ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லித் தருவினமே."

அக்கா சிரிக்கவில்லை. "வந்த சனம் தங்குதில்லை எண்டதுதான் பிரச்சினை. கரையில இருக்கிறது தப்புது. நடுவுக்குள்ள போனது செத்துப்போகுது. அதுக்கு மூச்சு எட்டுறேல்லை."

அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் அந்த நடுவில்தான் மாட்டிக் கிடந்தது. வருடக்கணக்காக அவள் வளர்த்ததெல்லாம் ஓரம் உயிராகவும் நடு பிணமாகவும் வந்தது. செல்களுக்கு ஒன்றைவிட்ட ஒருநாள் சாப்பாடு மாற்ற வேண்டும். தைப்பொங்கல், தீபாவளி, காய்ச்சல் ஒன்றும் அவற்றுக்குத் தெரியாது. மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் ஒரு மாத வேலை ஒரு பின்னேரத்தில் போகும். அப்படி எத்தனை தரம் போனது என்று நான் கேட்டதில்லை. கால அவகாசத்தை இனிமேல் நீட்ட ஏலாது, இதுதான் கடைசி என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பஸ் பண்ணையில் ஆடுகள் முடிந்துபோயின. நகரத்துக் கொல்களத்தில், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு இதயத்தையும் கீறிவிடுவார்கள். கீறிய இதயத்துக்குள் திரவம் ஓடாது. அதனால்தான் அவள் எங்கள் வேப்பமரத்துக்கு வந்தாள்.

முதல் ஞாயிறு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ஓர் ஐயா தன் இலையை விரலால் கிளறினார்.

"இதயம் எங்க?"

"அது கம்பசுக்குப் போகுது ஐயா."

"ஏன், கம்பசில கறிக்கு ஆடு கிடைக்கேல்லையோ?"

"கறிக்கில்லை. படிக்க."

"அதில என்னடா படிக்கிறது? நானும் சின்னனில இருந்து திண்டுகொண்டு வாறன். ஒண்டும் எழுதிக் கிடக்கேல்லை."

"நீங்கள் மெண்டு போட்டியள் ஐயா. மெல்லுறதுக்கு முதல் வாசிச்சிருக்க வேணும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கடைசியில் எங்கள் இலை ஈரலைத் தூக்கி அவருடைய இலையில் வைத்தேன். அப்போதும் அவர் மாமாவைப் பார்த்து, "உப்பிடி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு குடுத்தா நாளைக்குப் பொலிசுக்காரன் வந்து தொடையைக் கேப்பான்," என்றார்.

மாமாவின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், குசினி வாசலுக்கு வந்து நின்றார். "பெட்டை படிக்கிறதுக்கு எண்டு கேக்குது. நகத்தளவு இறைச்சிக்கு ஆம்பிளையள் எல்லாம் கூடி நிண்டு கதைக்கிறியள். வெக்கமா இல்லையோ?"

அதோடு அந்த வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் இதயம் எனக்கு என்று ஊர் ஒத்துக்கொண்டது. என்னை ஒழுங்கையில் காணும்போதெல்லாம், "என்னடா, இதயம் கிடைச்சுதோ?" என்று கேட்பது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது.

அக்கா சொல்லியிருந்த கட்டளைகளை நான் அப்படியே மாமாவுக்கும் மாமிக்கும் சொன்னேன். வெட்டக்கூடாது. மேலே வருகிற பெரிய குழாயை நீளமாக விட வேண்டும். தண்ணீர் படவே கூடாது. அவள் தந்துவிட்ட போத்தலில் ஒரு திரவம் இருக்கும். அதற்குள் போட்டு மூடி, மீன் வியாபாரியிடம் வாங்கிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைக்க வேண்டும். மாமி இதை மிகவும் கவனமாகக் கேட்டார். நான் பங்குகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, போத்தலை மூடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டியும் வைத்திருப்பார். நான் அதை மோட்டார் சைக்கிளில் பரந்தன் சந்திக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ் பிடிப்பேன்.

ஒருநாள் கொண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "தம்பி, உதுக்குள்ள என்ன?" என்றார்.

"இதயம் அண்ணை."

"ஆற்ற?"

"என்ர மச்சாளின்ர. வேண்டாமெண்டு திருப்பித் தந்திட்டாள். வைக்க இடமில்லாம ஐஸில வைச்சிருக்கிறன்."

அவர் டிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார். கடைசி வரையில் என் பக்கத்து ஆசனத்தில் யாரும் இருக்கவில்லை.

நாலைந்து ஆடுகளுக்குப் பிறகு ஒரு மத்தியானம் அக்கா போன் எடுத்தாள். நான் வயலில் வரம்பு வெட்டிக்கொண்டு நின்றேன். அவள் குரல் எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவ்வளவு சந்தோசமாக அவள் கதைத்து நான் கேட்டுக் கனகாலம்.

"தம்பி, நடுவுக்குள்ளயும் பச்சை!"

"என்ன பச்சை?"

உயிரோடு இருக்கிற செல் மட்டும் பச்சையாக ஒளிருகிற மாதிரி ஒரு சாயம் இருக்கிறதாம். அதை ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். இதுவரை ஓரத்தில் மட்டும் பச்சைக் கோடு தெரிந்தது. இப்போது துண்டு முழுவதும் பச்சை. பேராசிரியர் வந்து பார்த்தாராம். தோளில் தட்டினாராம். வெளிநாட்டில் நடக்கிற ஒரு மாநாட்டுக்கு அன்றைக்கே எழுதி அனுப்பச் சொன்னாராம்.

"எங்கட ஆடு எண்டா சும்மாவே?" என்றேன். "கம்பஸ் பண்ணை ஆடு புத்தகத்தைத் திண்டு வளந்தது. எங்கடது முள்முருக்கங்குழை."

"கூடு கொஞ்சம் மஞ்சளாத்தான் வருது. கொழுப்பாக்கும்."

"ஓம், நல்லாத் திண்ட ஆடு."

அன்றைக்கு அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்தக் கிழமை முழுக்க அக்கா தினமும் போன் எடுத்தாள். எழுதுகிறேன் என்றாள், கடைசி அத்தியாயம் என்றாள். எப்போது முடியும் என்று கேட்கிற சனத்துக்கு அம்மாவிடம் முதல் தடவையாக ஒரு பதில் இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து பஸ்ஸால் இறங்கினாள். கையில் உடுப்புப் பைகூட இல்லை. வீட்டுக்குள் போகாமல், கிணற்றடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டு நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

"தம்பி, பகிடி விடாமல் சொல்லு. அந்த இதயங்களுக்கு என்ன செய்தனீங்கள்?"

நடந்தது இதுதான். எந்தச் சோதனையிலும் செல் போடாத ஒரு வெறும் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் உயிரில்லை, ஆகவே அது இருட்டாகத்தான் தெரிய வேண்டும். இவ்வளவு நாளும் அந்த வெறும் துண்டுக்கு, பண்ணை ஆடுகளின் கூட்டில் மிச்சம் இருந்ததை அவள் பாவித்தாள். அது இருட்டாகத்தான் இருந்தது. அது முடிந்துபோக, எங்கள் ஆட்டுக் கூட்டிலேயே ஒரு வெறும் துண்டை வைத்தாள். ஒரு செல்கூடப் போடாத அந்தத் துண்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

"அப்ப உயிரில்லாத இடமும் உயிர் மாதிரித் தெரியுது," என்றாள். "வேற ஏதோ அதில ஒட்டிக்கொண்டு இருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா வயலுக்குப் போயிருந்தார். மாமி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வாங்கோ பிள்ளை, என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள். தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம் மாமி. அந்த இதயம் ஆட்டால எடுத்த உடன என்ன செய்வியள்?"

"இவன் சொன்ன மாதிரித்தான். வெட்டுறேல்லை. குழாயை நீட்டா விடுறது."

"தண்ணியில கழுவுவியளோ?"

மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "தண்ணி படக்கூடாதெண்டு இவன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன். ஒரு சொட்டுத் தண்ணி பட விடேல்லை. மஞ்சள்தான் பூசினனான்."

"மஞ்சளோ?"

"ஓம் பிள்ளை. எங்கட வீட்டில இடிச்ச மஞ்சள், கடைத்தூள் இல்லை. உள்ள வெளிய எல்லா இடமும் வடிவாத் தேய்ச்சு, கொஞ்சநேரம் வைச்சு, புதுச் சீலைத்துண்டால துடைச்சுப்போட்டுத்தான் போத்தலுக்க போடுறனான். கம்பசுக்குப் போற சாமான். பெரிய ஆக்கள் கையில எடுப்பினம். வெடுக்கு மணத்தோட அனுப்பேலுமே?"

நான் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

மஞ்சளும் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிருமாம். இது அக்காவுக்குப் புத்தகத்தில் தெரிந்த விசயம்தான். ஆனால் ஆராய்ச்சி இதயத்துக்கு யாராவது மஞ்சள் பூசுவார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"பிழைச்சுப் போச்சோ பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"இல்லை மாமி. இனிமேல் மஞ்சளும் வேண்டாம். அப்பிடியே போடுங்கோ, நாறினாலும் பரவாயில்லை."

அன்று முழுவதும் அக்கா சொன்ன ஒரே பொய் அந்த "இல்லை" மட்டும்தான்.

திரும்பி வருகிற வழியில், மோட்டார் சைக்கிளை நிப்பாட்டச் சொல்லி, வாய்க்கால் மதகில் ஏறி இருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"ஆருக்குத் தெரியும் அக்கா?" என்றேன். "பேராசிரியருக்குத் தெரியாது. வெளிநாட்டானுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மாமிக்கும்தான் தெரியும். மாமிக்கு விளங்காது. நான் வாய் திறக்கமாட்டன். முடிச்சுப்போட்டு வந்து நித்திரை கொள்ளுங்கோ."

நான் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அவளுடைய கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டு யாராலும் வேறொன்றும் சொல்ல முடியாது.

"நானும் பஸ்ஸில அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான்," என்றாள். "பரந்தன் வரைக்கும் சொல்லுறேல்லை எண்டுதான் இருந்தன்."

"பிறகு?"

"இதில மருந்து போட்டுப் பாப்பாங்கள் தம்பி. நடுவில செத்துக் கிடக்கு. மருந்து போட்ட பிறகும் பச்சை மாறாது. ஏன் மாறப்போகுது, அது மஞ்சள்தானே. இந்த மருந்து இதயத்தை ஒண்டும் செய்யாது எண்டு எழுதுவாங்கள். பிறகு அதை ஆரோ குடிப்பினம்."

அவள் போனை எடுத்தாள். ஒரு உழவு இயந்திரம் எங்களைக் கடந்து போய், அதன் சத்தமும் அடங்கிய பிறகுதான் பேராசிரியரின் நம்பரை அழுத்தினாள். அவள் இங்கிலீசில் கதைத்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. மஞ்சள் என்ற சொல்லை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது மட்டும் விளங்கியது. பிறகு அவள் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று பல தரம் சொன்னாள்.

"என்னவாம்?"

"மாநாட்டுக்கு அனுப்பினதைத் திருப்பி எடுக்கட்டாம். ஒருக்கால் முதலில இருந்து செய்யட்டாம். வருச முடிவுக்குள்ள ஏலாட்டில், அவ்வளவுதானாம்."

"ஏசினவரோ?"

"இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் அடுத்தநாள் மத்தியானம்தான் எழும்பினாள். அம்மாவிடம் தலையிடி என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிறே தொடங்கலாம் என்றால், அம்மன் கோவிலில் கொடியேறிவிட்டது. கொடி இறங்கும் வரை ஊரில் ஆடு விழாது. அக்கா ஒவ்வொரு நாளும் போனில், "திருவிழா முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். "அம்மனிட்டச் சொல்லிப் பாக்கட்டோ, தேரைக் கொஞ்சம் கெதியா இழுக்கச் சொல்லி?" என்றேன். "கேள்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்கே ஒருக்கால் கேட்டால் என்ன என்று தோன்றியது.

கொடி இறங்கிய பிறகு மாமா அறுத்த ஒவ்வொரு ஆட்டுக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். ஆட்டிலிருந்து எடுத்த இதயம் நேராகப் போத்தலுக்குள் போனது. மாமி தூரத்தில் நின்று மூக்கைச் சுளித்தார். அதற்குள் மழையும் வந்துவிட்டது. பாதை வெள்ளம் என்று ஒருநாள் பஸ் பாதியில் நின்றது. ஐஸ் கரைந்து, அந்த இதயம் வீணாகிப் போனது. இன்னொன்றை மின்சாரம் கொண்டுபோனது. இதையெல்லாம் அக்கா, சோறு குழைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

வருடக் கடைசியில் ஒரு பெட்டியோடு போனபோது, "வா, காட்டுறன்," என்று என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, நீல நிறத்தில் ஒரு சட்டையைப் போடச் சொன்னாள். மைக்ரோஸ்கோப் இருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஏசி குளிர்ந்தது. அவள் ஏதேதோ திருகி, நீல வெளிச்சத்தைப் போட்டு, ஒரு ஸ்டூலை எனக்குத் தள்ளினாள்.

"கனநேரம் பாக்காத. இந்த வெளிச்சம் கூடப் பட்டா அதுகள் செத்துப்போகும். பாத்திட்டுச் சொல்லு, நிப்பாட்டுறன்."

நான் கண்ணை வைத்தேன். நடுவெல்லாம் கறுப்பு. ஓரமாக மட்டும் மெல்லிய பச்சைக் கோடு, வயல் வரம்பில் புல் முளைத்த மாதிரி. முதலில் அது சும்மா கிடந்தது. பிறகு ஒருக்கால் இழுத்தது. விட்டது. திரும்ப இழுத்தது.

"துடிக்குது அக்கா!"

"ம்."

"நடுவில ஒண்டுமில்லையே?"

"இல்லை. இவ்வளவு தடிப்பில இவ்வளவுதான் உயிரோட இருக்கும். அதைத்தான் எழுதப்போறன். கம்பசில உவங்கள் ஏற்றுக்கொண்டா சரி."

"ஏற்றுக்கொள்ளாட்டில்?"

பதில் வரவில்லை. நான் கண்ணை எடுக்காமலே, "ஏற்றுக்கொள்ளாட்டில் மாமியைக் கம்பசுக்குக் கொண்டந்து விடுவம், முழுதும் பச்சையாக்கித் தருவா," என்றேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவரில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, நித்திரையாகிவிட்டிருந்தாள்.

அந்த மைக்ரோஸ்கோப்பில் எத்தனையோ பொத்தான்கள் இருந்தன. எது வெளிச்சத்தை நிறுத்தும், எது எல்லாவற்றையும் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குக் கீழே அந்தப் பச்சைக் கோடு இழுத்து விட்டு, இழுத்து விட்டு, தன் பாட்டில் இருந்தது. அக்காவின் மூச்சும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவளை எழுப்ப எனக்கு மனமே வரவில்லை. வெளியே போய் யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அது செத்துவிட்டால்?

தோளில் கைவைத்து மெதுவாக உலுப்பினேன்.

"அக்கா, லைற்றை நிப்பாட்டுங்கோ."

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, சரியான பொத்தானை அழுத்தினாள்.